பதினாலு வீட்டுச் சோறு

என் மனைவி சாப்பிட வேண்டுமென்று நான் கொடுத்தனுப்பிய முட்டைகளை ஒரு மாத காலம் நானே தின்றிருக்கிறேன். தெரிந்து தின்னவில்லை. ஆனாலும் தின்றதோடு நிற்காமல், குழம்பு நன்றாக இருக்கிறதென்று அம்மாவிடம் இரண்டொரு முறை சொல்லியும் இருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி என்ன சாப்பிட வேண்டுமென்று இப்போது எங்கள் பக்கத்தில் யாராவது என்னிடம் கேட்டால், பதிலுக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கீரை, முட்டை, ஈரல் என்று சொல்ல யாராலும் முடியும். அது அவள் வாய்க்குள் போகிற வழி எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நுவரெலியாவுக்கும் தலவாக்கலைக்கும் நடுவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், நான் பிறந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். அப்பா கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டுகிறவர். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு அந்த வருடம்தான் கூடையை இறக்கி வைத்திருந்தாள். என் மனைவி அம்மாவின் அண்ணன் மகள். அவளும் கொழுந்து பறிக்கிறவள். ஒரே அறையாக ஒரு காம்பரா, அதற்கு முன்னால் அடுப்பு வைத்த இஸ்தோப்புத் திண்ணை. அதில் நாங்கள் நான்கு பேர்.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. லயத்துக்குப் பின்னால் மானாப்புல் மண்டிய சரிவில் அப்பாவும் நானும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அடுத்த வருடம் அவள் மறுபடி உண்டானபோது, பேசாமலிருப்பது மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது.

ஐந்தாம் மாதம் தொடங்கியதும் அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். மிட்வைஃப் அம்மா ஹட்டன் பக்கத்தவர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருப்பார், வார்த்தையை வீணாக்கமாட்டார். என் மனைவியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"வெள்ளக் காயிதம் மாதிரி இருக்கு மாஸ்டர். போன தடவ ஒடம்புல ரத்தம் இல்லாமத்தான் புள்ள போச்சு. இதையும் இப்படியே விட்டா புள்ளையும் தங்காது, இவளும் தாங்கமாட்டா."

ஒரு போத்தல் கறுப்பு மருந்தும், கர்ப்பிணிகளின் ஆகாரத்தைப் பற்றித் தமிழில் அச்சடித்த மெல்லிய புத்தகம் ஒன்றும் கொடுத்தார். மருந்து அவளுக்கு, புத்தகம் எனக்கு.

அந்தப் புத்தகத்தை நான் படித்த மாதிரி அதை எழுதியவர்கூடப் படித்திருக்கமாட்டார். அட்டையில் ஒரு பெண் மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். மேசையில் திராட்சைக் குலையும் பாலும் இருந்தன. எங்களிடம் மேசையே கிடையாது. அதனால் நான் சோர்ந்துபோகவில்லை. திராட்சை இல்லாவிட்டால் என்ன, ரத்தத்துக்கு வேண்டியது எங்கள் மலையிலேயே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். கந்தப்பளைப் பக்கத் தோட்டங்களில் பீட்றூட்டைப் பிடுங்கிக் கிழங்கை லொறியில் ஏற்றிவிட்டு இலையைக் குப்பையில் போடுகிறார்கள். அந்த இலை அருமையான கீரை. நெத்தலிக் கருவாட்டைத் தலையோடு தின்றால் எலும்புக்கு நல்லது. ரொட்டி மாவில் பாதி குரக்கன் என்கிற கேழ்வரகு மாவு கலக்கலாம். எங்கள் வீட்டில் மூன்று கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. இதையெல்லாம் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் முத்து முத்தாக எழுதி, அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது ஒட்டும்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மரக்கறிக்காரரிடம் பீட்றூட் இலை கேட்டேன். அவர் சிங்களவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முயல் வளர்க்கிறீர்களா மாஸ்டர் என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் காசு வாங்கவில்லை.

வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முதலில் அப்பா சாப்பிடுவார், பிறகு நான், அப்புறம் அம்மா. கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து அவள் சாப்பிடுவாள். அவளை எங்களோடு உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். அம்மாவிடம் சொன்னால், நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும், ஆறு பெற்றவள் நான் சொல்கிறேன் என்பாள். அம்மா கொடுமைக்காரி இல்லை. மருமகள் முகம் வாடினால் முதலில் கவனிப்பவள் அம்மாதான். ஆனாலும் வயிற்றுப் பிள்ளைக்காரியை வீட்டில் உட்கார்த்தி வைத்து ஊட்ட வேண்டுமென்று அவள் நினைத்ததேயில்லை. அது ஏன் என்று நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், பழைய காலத்து மனுஷி என்று நானே முடிவு கட்டினேன்.

வீட்டில் முடியாததை வெளியில் செய்யலாம் என்று என் புத்தி ஓடியது. பகல் சாப்பாடு மலையில்தானே. மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை. விடிந்ததும் அவள் ரொட்டி சுடும்போது நான் பக்கத்தில் நின்று ஒரு முட்டையை அவிப்பேன், கீரையை வதக்குவேன், நாலு நெத்தலியைப் பொரிப்பேன். ஆம்பிளை அடுப்படியில் நிற்கிறானே என்று அப்பா செருமுவார். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்புவேன். முட்டை பழையதாகிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் அவிக்கப் போகிற நாளைப் பள்ளிக்கூடத்து ஊதாப் பென்சிலால் எழுதி அடுக்கி வைத்தேன். தண்ணீர் பட்டால் அந்தப் பென்சில் எழுத்து அழியாது, இன்னும் அடர்ந்து தெரியும்.

இத்தோடு விட்டிருந்தால் பாதியாவது உருப்பட்டிருக்கும். நான் இன்னொன்றும் செய்தேன். கொழுந்து மலை செங்குத்து. தலையில் மாட்டிய கூடையோடு அவள் ஏறி இறங்குவதை நினைத்தால் எனக்கு வகுப்பில் பாடம் ஓடாது. கணக்கப்பிள்ளையிடம் போய், அவளை நாற்று மேடைக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். வாத்தியார் வாயைத் திறந்து கேட்டால் இல்லையென்றா சொல்வது என்று உடனே மாற்றிக் கொடுத்தார். நாற்று மேடையில் உட்கார்ந்து மண் சலிக்கலாம், களை பிடுங்கலாம். மேலே பந்தல், பக்கத்தில் தண்ணீர். அங்குள்ள கங்காணியையும் பார்த்து, பகலில் சங்கு ஊதியதும் அவளை எங்கும் நடக்க விடாமல் அங்கேயே ஓய்வாக உட்காரச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அவள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அங்க யாருங்க இருக்கா?"

யாரும் இல்லாததுதான் நல்லது, நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பேசாமையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று இஸ்தோப்பில் நின்று மலையைப் பார்த்தபோது, இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று எனக்குத் திடமாகத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடி டிஸ்பென்சரிக்குப் போனோம். நான் முதல் மார்க் வாங்கப் போகிற மாணவனைப் போல நின்றேன். மிட்வைஃப் அம்மா இமையை இழுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் மறுபடியும் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு அவளுடைய முன்பல்லை விரலால் தடவி, விரல் நுனியை என் முன்னால் காட்டினார். செம்மண் ஒட்டியிருந்தது.

நாற்றுக்குச் சலித்த மண்ணை அவள் தின்றுகொண்டிருந்தாள். ரத்தம் குறைந்தவர்களுக்கு மண்மேல், சாம்பல்மேல் ஆசை வருமென்று புத்தகத்திலேயே இருந்தது. அதை நான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

கீரை, முட்டை, நெத்தலி, குரக்கன் என்று கொடுத்ததையெல்லாம் வரிசையாக ஒப்புவித்தேன். மிட்வைஃப் அம்மா முடியும்வரை கேட்டார்.

"நீங்க குடுக்கிறதச் சொல்றீங்க மாஸ்டர். இவ திங்கிறது என்னான்னு தெரியுமா?"

கூடை மாட்டக் கூடாது, இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், தேறாவிட்டால் லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். திரும்பி வரும் வழியில் அவள் என் பின்னால் பத்தடி விட்டு நடந்தாள். நானும் நின்று சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அப்பாவும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் ஒரு முட்டையை இரண்டாக அரிந்து போட்டிருந்தது. ஆளுக்குப் பாதி. வாயில் வைத்த பிறகுதான் அடுப்புச் சாம்பலில் கிடந்த ஓட்டைப் பார்த்தேன். ஊதா நிறத்தில், என்னுடைய கையெழுத்தில், "செவ்" என்று இருந்தது. காலையில் நான் அவித்து டப்பாவில் வைத்த முட்டை.

ஓட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவள் விறகை உள்ளே தள்ளினாள். கடைசியில் அம்மாதான் வாயைத் திறந்தாள். தினமும் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறாள், வீணாகப் போகிறதே என்று குழம்பில் போட்டேன் என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நெரையில வயிறு நெறையத் திங்கிறவளுக்கு வீட்டு முட்ட எறங்கலன்னு இருந்தேன்டா. இதுல சொல்ல என்ன இருக்கு?"

"அவதான் இப்ப நெரையில இல்லையேம்மா. நாத்து மேடையில தனியா இருக்கா."

"நாத்து மேடைக்காரிகளும் சங்கு ஊதுனா மடுவத்துக்குத்தான வருவாங்க? எங்க காலத்துல அப்படித்தான வந்தாங்க."

நிரை என்பது மலையில் வரிசையாகச் சேர்ந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டம், மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பகலில் பெண்கள் அங்கேதான் கூடையை இறக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள். அவளை அங்கே போகவிடாமல் நாற்று மேடையிலேயே உட்கார வைத்தவன் நான்.

அதற்குப் பிறகு என் மனைவி பேசினாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தனியா குந்தி முட்டய உரிச்சா, திருடித் திங்கிற மாதிரி இருக்குங்க. வாயில வச்சா தொண்டையில நிக்குது. ரெண்டு துண்டு ரொட்டியப் பிச்சுப் போட்டுக்கிட்டு மிச்சத்தக் கட்டிருவேன்."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன்.

"நீங்கதான் செவுத்துல எழுதி ஒட்டிட்டீங்களே."

அன்று அவளும் அம்மாவுமாகச் சொன்னதிலிருந்து, என் சொந்த லயத்தில் எனக்குத் தெரியாமல் இத்தனை காலம் நடந்துவந்த ஒன்றைத் தெரிந்துகொண்டேன். ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் பெண்கள், எங்கள் மலையில் பதினாலு பேர், பகலில் மடுவத்தில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு ஒன்றை விரித்து, எல்லோருடைய பொட்டலத்தையும் நடுவில் பிரித்து வைப்பார்கள். அவர்களில் யாராவது வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தால் அவள்தான் முதல் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு வாய் எடுக்க வேண்டும். அவள் எடுத்து முடிக்கும்வரை வேறு எந்தக் கையும் சாக்குக்குள் நீளாது. வேண்டாம் என்று அவள் சொல்ல முடியாது, சொன்னால் மற்றவர்கள் பசியோடு காத்திருப்பார்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் மலையில் முதலாவதாகச் சாப்பிடுகிறாள். எந்த மாமியாரும் அதைக் குறை சொல்வதில்லை. எல்லா மாமியாரும் அந்தச் சாக்கில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். வீட்டில் கொஞ்சமாகப் போட்டாலும் மலையில் பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில்தான் அம்மா அத்தனை நாளும் இருந்திருக்கிறாள். ஆண்கள் வேறு மலையில், வேறு வேலையில் இருப்பதால் எங்களுக்கு இது தெரிய வழியில்லை. அப்பாவுக்கே அன்றுதான் தெரிந்தது என்று அவர் முகம் சொன்னது.

"நீ பொறந்ததே பதினாலு வீட்டுச் சோத்துலதான்டா," என்றாள் அம்மா. "இந்த வீட்டுல எனக்கு அப்ப என்ன கெடச்சுது?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவேயில்லை.

படித்தவன் தோற்றான், பாமரர் ஜெயித்தார்கள் என்று இந்தக் கதையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அவள் பதினாலு பொட்டலத்திலும் முதல் கை வைத்தவள்தான். பிறகு ஏன் ரத்தம் இல்லாமல் போனது? பதினாலு பொட்டலத்திலும் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் இருந்தால், முதல் கையில் வருவதும் ரொட்டியும் சம்பலும்தான். என் புத்தகம் சொன்னது சரி. அவர்களுடைய சாக்கும் சரி. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலிருந்ததுதான் தப்பு. இதை நான் அன்று தூங்கப் போவதற்கு முன்பே தெளிவாகக் கண்டுகொண்டேன்.

அந்த நிரையில் என் மனைவிக்குப் பக்கத்தில் பறிப்பவள் எனக்கு மதினி முறை, பெரியப்பா மகனின் மனைவி. நாலு பிள்ளைக்காரி. அவள் வாய்க்குக் கங்காணியே பயப்படுவார். பொழுது விடிந்ததும் தண்ணீர் எடுக்கிற பீலிக்கரையில் அவளைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த மற்றப் பெண்களும் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்கள். மதினி ஆற அமரப் பானையைக் கழுவினாள்.

"நாங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தோம் வாத்தியாரே. நீங்கதான் புடுங்கிக்கிட்டுப் போயி நாத்து மேடையில நட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. அவளைத் திரும்பவும் கூடை மாட்ட விடமுடியாது, அது மிட்வைஃப் அம்மாவே சொன்னது, ஆனால் பகல் சாப்பாட்டுக்கு மடுவத்துக்கு அனுப்புகிறேன், சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவள் கொழுந்து பறிக்காவிட்டால் எங்கள் நிரை இல்லை என்று ஆகிவிடுமா என்று மதினி திருப்பிக் கேட்டாள். அடுத்து, சாக்கில் என்னென்ன இருக்க வேண்டுமென்று எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதாதீங்க. எங்கள்ல யாரு வாசிக்கப் போறா? வாயால சொல்லுங்க. நாங்க மறக்கமாட்டோம்."

சொன்னேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு நன்றாக நான் பாடம் நடத்தியதில்லை. எதிர்ப்பு இல்லாமலில்லை. மாட்டுக்குப் போடுகிற இலையை மனுஷி தின்பதா என்றார்கள். நெத்தலித் தலையை யார் தின்பது என்றார்கள். குரக்கன் ரொட்டி கறுப்பாக இருக்கும், பிள்ளையும் கறுப்பாகப் பிறக்கும் என்றாள் ஒருத்தி. வெள்ளை ரொட்டியே தின்று வளர்ந்த உன் நிறம் என்ன என்று மதினி அவளைக் கேட்டதும் அந்த விவாதம் முடிந்தது. ஒருத்திக்கு ஒன்று என்று மதினியே பிரித்துக் கொடுத்தாள். கடலையை ஊறப்போட்டு அவித்து வருவது ஒருத்தி, நெத்தலி ஒருத்தி, குரக்கன் மூன்று பேர், முருங்கைக்கீரை கிடைக்கும் நாளில் கீழ்நாட்டுப் பக்கம் உறவுள்ள ஒருத்தி. பீட்றூட் இலை கொண்டுவருவது என் பொறுப்பு. முட்டையும் என் வீட்டிலிருந்துதான். ஆனால் மதினி ஒரு நிபந்தனை போட்டாள். முட்டையை டப்பாவில் ஒளித்து அனுப்பக் கூடாது, எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடுச் சாக்கில் வைக்க வேண்டும்.

"வச்சா எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குவீங்களே," என்றேன். இதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் கேட்காமலிருக்க முடியவில்லை.

மதினி என்னைப் பார்த்த பார்வையில் இளக்காரம் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

"முதல் கையில முட்ட முழுசாப் போயிரும் வாத்தியாரே. நாங்க பதிமூணு பேரு பாத்துக்கிட்டு இருக்கையில அவ தின்னாம எந்திரிச்சிருவாளா?"

நாற்று மேடைக் கங்காணியிடம் போய், நான் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னேன். சங்கு ஊதியதும் அவளை விட்டுவிடுங்கள், குறுக்குப் பாதையில் ஏறாமல் ரோட்டு வழியாக மெதுவாக நடந்து மடுவத்துக்குப் போகட்டும் என்றேன். படித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு பேச்சு என்று அவர் முணுமுணுத்தார். அது எனக்குக் கேட்க வேண்டுமென்றுதான் முணுமுணுத்தார். கேட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கோடு சந்தைக்குப் போனேன். மரக்கறிக்காரர் இலையை அள்ளி அள்ளிப் போட்டு நிறைத்துவிட்டு, இப்போது எத்தனை முயல் மாஸ்டர் என்றார். பதினாலு என்றேன். குட்டி போட்டால் எனக்கு ஒன்று தாருங்கள் என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்மலையில்தான் மடுவம். பகல் மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகு நான் கதவோரம் நின்று பார்ப்பேன். பனி மூடாத நாளில் பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்குவது தெரியும். சற்று நேரத்தில் ரோட்டு வளைவில் கூடையில்லாமல் ஒருத்தி மெதுவாக வருவாள். அவள் போய்ச் சேரும்வரை யாரும் உட்காரமாட்டார்கள். பிறகு பதினாலு தலைகளும் ஒன்றாகத் தாழும். கை தெரிகிற தூரம் இல்லை. எனக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

வீட்டில் இரண்டு வாரம் கழித்து ஒருநாள் அப்பா குழம்பைக் கிளறிப் பார்த்துவிட்டு, இப்பல்லாம் கோழி முட்டை இடுவதில்லையா என்று கேட்டார். இடுகிறது, உங்களுக்கு இல்லை என்றாள் அம்மா. அதே வாரத்தில் அம்மாவும் ஒன்று செய்தாள். சொல்லாமலே செய்தாள். சோறு வடித்ததும், அப்பாவுக்குப் போடுவதற்கு முன்னால், அடிச்சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து மூடி அடுப்போரம் வைத்தாள். அது யாருக்கென்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதம் திரும்பியது. அது ஏழாம் மாதம். டிஸ்பென்சரிக்குப் போகும்போது இந்தத் தடவை நான் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தேன். முதல் தடவை இதே ஏழாம் மாதத்தில் நடந்தது இருவருக்கும் நினைவில் இருந்தது. எதிரே யார் வந்தாலும் நான் பேச்சுக் கொடுத்தேன். மிட்வைஃப் அம்மா வழக்கம்போல இமையை இழுத்துப் பார்த்தார். விரலை எடுக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"வந்து நீங்களே பாருங்க மாஸ்டர்."

குனிந்து பார்த்தேன். இமையின் உட்புறம் சிவந்து ஈரமாக இருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் கண்ணை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவையில்லை, இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் மிட்வைஃப் அம்மா. வேறு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர், தோட்டத்தின் மற்ற டிவிசன்களிலும் இப்படித்தான் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். என் மனைவிதான் பதில் சொன்னாள். எல்லா மலையிலும் அப்படித்தான் என்றாள். மிட்வைஃப் அம்மா தோட்டத்துக்கு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவர் பிள்ளைத்தாய்ச்சிகளைத் தனியாக அழைத்துப் பேசுவதை விட்டுவிட்டு, பகலில் மடுவங்களுக்கே போய்ப் பேசத் தொடங்கினார்.

பத்தாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வலி எடுத்தது. அம்மாவும் மதினியும் டிஸ்பென்சரிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். நீ இங்கே நின்று என்ன செய்யப் போகிறாய் என்று அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள். நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டை அன்று என் வகுப்பு நான்கு முறை சொன்னது. பதினொரு மணி வாக்கில் கீழ்ரோட்டிலிருந்து மதினியின் குரல் ஏறி வந்தது. அவள் மேலே ஏறி வரவில்லை, ரோட்டில் நின்றபடியே சொன்னாள்.

"வாத்தியாரே, பொட்டப் புள்ள. கத்துது."

ஆணா பெண்ணா என்பது எனக்கு எட்டவில்லை. கத்துது என்ற அந்த ஒரு சொல்தான் எட்டியது. சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி ஓடினேன். பிள்ளைகளைக் கலைத்துவிட்டேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அந்தக் கத்தல்காரிக்கு இப்போது ஐந்து வயது. சுவரிலிருந்த கலண்டர் தாளை அடுத்த தைப்பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது நானே கிழித்தேன். அதற்கு முன்பே அதிலிருந்ததெல்லாம் நிரை முழுவதற்கும் மனப்பாடமாகியிருந்தது. போன மாதம் மதினிக்கு ஐந்தாவது வயிறு தெரிந்திருக்கிறது. இந்த வயதிலா என்று அவளே தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு திரிகிறாள். இன்று காலை என் மனைவி கூடை மாட்டுவதற்கு முன் தன் பொட்டலத்தோடு ஒரு முட்டையும் எடுத்து வைத்தாள். பழக்க தோஷத்தில் நான் ஊதாப் பென்சிலை எடுத்தேன்.

"நாளு எழுத வேணாங்க," என்றாள். "அவ ஓட்டோட தின்னுருவா."